ராக் இசைக்காரர்களின் சுயசரிதைகளும் எங்கள் ஊர்த் தோல் ஷாப்பும்

பின்னால் பிளாக் சப்பாத் குழுவின் கிட்டார் கலைஞராகப் பேரெடுத்த டோனி அயோமி அன்று மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், திரும்பிப் போகிற எண்ணத்திலேயே இல்லை. இங்கிலாந்தின் பர்மிங்காமில் தகடு வேலை செய்யும் ஒரு தொழிற்சாலை. அன்றோடு கணக்கு முடித்துக்கொண்டு ஒரு இசைக்குழுவோடு ஜெர்மனிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. வயது 17. அம்மாதான் விடவில்லை. ஒழுங்காகப் போய் முழு நாளையும் முடித்துவிட்டு வா என்று சொல்லி அனுப்பினார். போனார். வழக்கமாகத் தகட்டை அழுத்தும் பிரஸ் மிஷினில் நிற்பவர் அன்று வேலைக்கு வரவில்லை. அயோமி வெல்டிங் ஆள், அந்த மிஷின் பழக்கமில்லை. ஆள் இல்லாத இடத்தில் அவரைப் பிடித்து நிறுத்தினார்கள். பிரஸ் வலது கை மேல் இறங்கியது. பதறிக் கையை இழுத்ததில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். கிட்டாரில் தந்தியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான்.

2011-இல் வந்த ‘அயர்ன் மேன்’ என்ற சுயசரிதையில் இதை அவர் எந்த அலங்காரமும் இல்லாமல் சொல்கிறார். விரல் நுனிகளை ஒரு தீப்பெட்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள், அதற்குள் கறுத்துப் போயிருந்தன, ஒட்டவைக்க முடியவில்லை. இனி வாசிக்க முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டில் முடங்கிக் கிடந்தவரைப் பார்க்கத் தொழிற்சாலை மேலாளர் ஒரு இசைத்தட்டோடு வந்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது. 1928-இல் ஒரு தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகு, மிச்சமிருந்த விரல்களைக் கொண்டு வாசித்த மேதை அவர்.

அதற்குப் பிறகு வரும் பக்கங்கள்தான் எனக்கு முக்கியம். பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கி, சூட்டுக்கோலால் அதில் துளை போட்டு, விரலில் மாட்டிப் பார்த்து, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து இரண்டு விரல்களுக்கும் குப்பி செய்கிறார். பிளாஸ்டிக் தந்தியில் வழுக்குகிறது. பழைய ஜாக்கெட் ஒன்றிலிருந்து தோல் துண்டை வெட்டி ஒட்டுகிறார். இப்போது பிடிக்கிறது, ஆனால் தந்தி எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிவதில்லை. தந்தி கனமாக இருந்தால் வலி. மெல்லிய தந்தி அப்போது கடையில் கிடையாது, தயாரிப்பவர்களிடம் கேட்டால் யார் வாங்குவார்கள் என்கிறார்கள். பாஞ்சோ தந்தியை வாங்கி கிட்டாரில் மாட்டுகிறார். 1971-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் சுருதியையே இறக்கி, தந்தியைத் தளர்த்திவிடுகிறார். பிளாக் சப்பாத்தின் அந்தக் கனத்த, தாழ்ந்த சத்தம், ராக்கிலேயே கனத்த வகையான மெட்டலில் பின்னால் வந்த குழுக்கள் எல்லாம் எடுத்துக்கொண்ட அந்தச் சத்தம், பாதியாவது இப்படித்தான் வந்தது. பிரஸ்ஸில் அடிபட்ட ஒரு பையன் வலி இல்லாமல் வாசிக்க வழி தேடியதில் வந்தது.

நான் ராணிப்பேட்டையில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் என் சித்தப்பா தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், ஷேவிங் மிஷினில் நின்றவர். பதப்படுத்திய தோலை ஒரே கனத்துக்குச் சீவித் தரும் மிஷின் அது. சுழலும் உருளையில் வரிசையாகக் கத்தி பதித்திருக்கும். தோலை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து உள்ளே விட்டு வெளியே எடுக்க வேண்டும். தோல் சுருண்டால் கையும் கூடப் போகும். அவருக்கு இடது கை ஆள்காட்டி விரலில் நகத்தோடு நுனி இல்லை. அன்று அவர் நிற்க வேண்டிய மிஷின் அது இல்லை, லீவு போட்ட ஒருவருக்குப் பதிலாக நிறுத்தினார்கள் என்று வீட்டில் எப்போதும் சொல்வார்கள். அதனால் அயோமியின் புத்தகத்தில் அந்த இடத்தைப் படித்ததும் நான் நேராகச் சித்தப்பாவிடம்தான் போனேன். தமிழில் சொல்லிக் காட்டினேன். அம்மா திருப்பி அனுப்பியதையும், வராத ஆளுக்குப் பதிலாக நின்றதையும் அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். ஜாங்கோ அவருக்கு ஒன்றும் பெரிதாகப் படவில்லை. தோல் துண்டு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இன்னா தோலுடா போட்டாரு?”

பழைய ஜாக்கெட்டில் வெட்டியது என்றேன்.

“அதான் சரி. புதுத் தோலு வெறைப்பா நிக்கும். போட்டுப் போட்டு மெத்துனு ஆன ஜாக்கெட்டுத் தோலுன்னா வெரலோட வளையும். ஆட்டுத்தோலா இருந்தா இன்னும் நல்லது. மாட்டுத்தோல அவ்ளோ மெல்லிசா சீவுனா பலம் இருக்காது.”

அயோமியின் விரல் குப்பி பற்றி இசைப் பத்திரிகைகள் எழுதியதையெல்லாம் படித்திருக்கிறேன். இதுபோல ஒரு வரி எதிலும் இல்லை.

இந்தப் புத்தகங்களை நான் எப்படிப் படிக்கிறேன் என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன். ராக், மெட்டல் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறு என்றாலே போதை, ஹோட்டல் அறையை உடைத்தது, பெண்கள், சண்டை என்று ஒரு படம் மனதில் வரும். அதெல்லாம் இருக்கிறது, ஏராளமாகவே இருக்கிறது. பதிப்பகங்கள் அட்டையின் பின்பக்கத்தில் போட்டு விற்பதும் அதைத்தான். ஆனால் நாலைந்து புத்தகம் படித்துவிட்டால் அந்தப் பகுதிகள் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடுகின்றன, யார் எந்த ஊரில் எதை உடைத்தார்கள் என்பதே மறந்துபோகிறது. மறக்காமல் நிற்பது வேலை பற்றிய பகுதிகள். முதல் கிட்டாரை எப்படி வாங்கினார்கள், வேனில் யார் எங்கே படுத்தார்கள், கை வலித்தால் என்ன செய்தார்கள், ஒப்பந்தத்தில் எதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். என் கணக்கில் இவை தொழிலாளர் சரித்திரங்கள். அப்படிப் படித்தால்தான் இவற்றின் முழு மதிப்பும் தெரிகிறது.

பிளாக் சப்பாத்தின் பாடகர் ஓஸி ஆஸ்போர்னை எடுத்துக்கொள்வோம். வௌவால் தலையைக் கடித்தவர் என்று உலகமே அறியும். 1982 ஜனவரியில் அமெரிக்காவில் டெ மொய்ன் நகர மேடையில் நடந்தது. ‘ஐ ஆம் ஓஸி’ புத்தகத்தில் அதுவும் இருக்கிறது, சரி. ஆனால் நான் திரும்பத் திரும்பப் படித்தது ஆரம்ப அத்தியாயங்களை. பர்மிங்காமில் ஆஸ்டன் பகுதி, சின்ன வீடு, நிறையப் பிள்ளைகள். எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறும் டிஸ்லெக்ஸியா, அதற்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது அவமானம் மட்டும். அப்புறம் கார் ஹார்ன் செய்யும் தொழிற்சாலை. அம்மா வேலை பார்த்த இடம், அவர்தான் சேர்த்துவிடுகிறார். நாள் முழுக்க ஒவ்வொரு ஹார்னாக அடித்துப் பார்த்துச் சத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். பக்கத்தில் நிற்கும் பெரியவர் பல வருடங்களை அங்கேயே கழித்தவர், ஓய்வுபெறும்போது தங்கக் கடிகாரம் தருவார்கள் என்று காத்திருக்கிறார். அந்தப் பெரியவரைப் பார்த்ததும் ஓஸிக்கு அடிவயிறு கலங்குகிறது. பெர்மனென்ட் ஆகிவிட்டால் போதும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கும் எங்கள் ஊரில் யாருக்கும் அந்தப் பெரியவரை விளக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு ஆடுமாடு அறுக்கும் இடத்தில் வேலை. பிறகு திருட்டு, அதற்கு அபராதம். அப்பா அபராதத்தைக் கட்ட மறுத்துவிட, வின்சன் கிரீன் சிறையில் சில வாரங்கள். அப்பா செய்தது சரியா என்று புத்தகம் வாதாடுவதில்லை. பையன் பயந்து திருந்தினான் என்பதோடு விட்டுவிடுகிறது. இந்தப் புத்தகத்தை ஓஸியோடு சேர்ந்து எழுதியவர் கிறிஸ் அயர்ஸ் என்ற பத்திரிகையாளர். எழுதுவதற்குச் சிரமப்பட்ட ஒரு மனிதர் வாயால் சொல்லச் சொல்ல, அந்தப் பேச்சு கெடாமல் காகிதத்துக்கு வந்திருக்கிறது. கூட எழுதியவரின் பெயரைத் தேடிப் பார்ப்பது எனக்கு வழக்கம். நல்ல கை பட்டால் பேசுகிறவரின் மூச்சு கேட்கும். மோசமான கை பட்டால் எல்லா இசைக்காரர்களும் ஒரே ஆள் மாதிரிப் பேசுவார்கள்.

ஓஸி 2025 ஜூலை 5-ஆம் தேதி ஆஸ்டனில், தான் வளர்ந்த தெருக்களுக்குப் பக்கத்து மைதானமான வில்லா பார்க்கில், நாற்காலியில் உட்கார்ந்தபடி கடைசியாகப் பாடினார். பக்கத்தில் பிளாக் சப்பாத்தின் மற்ற மூவர், அயோமி, கீசர் பட்லர், பில் வார்டு. அந்த மாதம் 22-ஆம் தேதி இறந்தார். சாவதற்கு முன் சொல்லி முடித்த கடைசிப் புத்தகம் அக்டோபரில் வந்தது. நான்கு பேரும் ஒரே வட்டாரத்துப் பையன்கள். ஓஸி, அயோமி, பட்லர் மூவரின் புத்தகங்களையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரே தொழிற்சாலை ஊரை மூன்று ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். அதில் 2023-இல் வந்த பட்லரின் புத்தகம் அமைதியானது. ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம், கணக்கு அலுவலகத்தில் பயிற்சி வேலை, சின்ன வயதிலேயே மாமிசத்தை விட்டது, குழுவின் பாடல் வரிகளில் பெரும்பகுதியை எழுதியது என்று போகிறது.

பக்கத்து ஊரான வால்சாலில் வளர்ந்த ராப் ஹால்ஃபோர்டு, ஜூடாஸ் பிரீஸ்ட் பாடகர், 2020-இல் எழுதியதையும் இதோடு சேர்க்க வேண்டும். பள்ளிக்கூடம் போகிற வழியில் இரும்பு உருக்கும் ஆலை, அதன் புகையை விழுங்கிக்கொண்டே நடந்தது என்று ஆரம்பிக்கிறார். அவரது உண்மையான பாரம் வேறு. தான் ஒருபாலீர்ப்பு கொண்டவர் என்பதை, தோலும் சங்கிலியும் அணிந்த முரட்டு ஆண்களின் இசை என்று பெயரெடுத்த ஒன்றின் நடுவில் நின்றுகொண்டு, 1998-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொல்லும் வரை மறைத்து வாழ்ந்தார். ரசிகர்கள் போய்விடுவார்கள், தன்னால் குழுவின் பிழைப்பே போய்விடும் என்ற பயம். சொன்ன பிறகு ரசிகர்கள் போகவில்லை. அத்தனை வருடப் பயம் வீண் என்று தெரிந்த மனிதரின் நிம்மதியும் வருத்தமும் அந்தப் பக்கங்களில் சேர்ந்தே இருக்கின்றன.

இந்தப் புத்தகங்கள் வேலூரில் எப்படிக் கிடைக்கின்றன என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. புதிதாக வாங்கினால் விலை கட்டுப்படியாகாது. ஆனால் வேலூர் இதற்கு ஒரு நல்ல ஊர். ஒரு பக்கம் காட்பாடியில் விஐடி. இறுதியாண்டு முடிந்து அறையைக் காலி செய்யும் மாணவர்கள் எடைக்குப் போட்டுவிட்டுப் போவதெல்லாம் பழைய பேப்பர் கடைகளுக்கு வரும். மே மாதத்தில் அந்தக் கடைகளில் நிற்பது எனக்குத் திருவிழா. நுழைவுத்தேர்வு கைடுகளுக்கும் ஜாவா புத்தகங்களுக்கும் நடுவில் கன்ஸ் அண்ட் ரோசஸ் குழுவின் ஸ்லாஷ் எழுதியது கிடைத்திருக்கிறது, மோட்டர்ஹெட் குழுவின் லெம்மி எழுதியது கிடைத்திருக்கிறது. இன்னொரு பக்கம் சிஎம்சி ஆஸ்பத்திரி. நான் காந்தி ரோட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வங்காளம், அசாம், மேகாலயா, மிசோரம் என்று வருகிறவர்கள் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் லாட்ஜில் தங்கி, அறையிலேயே சமைத்துச் சாப்பிட்டு வைத்தியம் பார்ப்பார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டும் ஆதாரும் ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்கு வருவார்கள். வடகிழக்கிலிருந்து வரும் பையன்கள் பாதிப் பேர் ராக் இசையில் ஊறியவர்கள். ஷில்லாங் பையன் ஒருவன் அயர்ன் மெய்டன் குழுவின் பனியனோடு வரிசையில் நின்றபோது ஆரம்பித்த பேச்சு, அவன் அம்மாவின் வைத்தியம் முடியும் வரை தினமும் சாயங்காலம் தொடர்ந்தது. ஊருக்குக் கிளம்பும் நாளில் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து கவுன்ட்டரில் வைத்து, “அண்ணா, நீங்க படிச்சிட்டு இங்க யாருக்காவது குடுங்க” என்றான். எங்கள் ஊரில் கற்றுக்கொண்ட தமிழ்.

அது நீல் பியர்ட் எழுதிய ‘கோஸ்ட் ரைடர்’. ரஷ் குழுவின் டிரம்மர், கனடாக்காரர். 1997 ஆகஸ்டில் அவருடைய 19 வயது மகள் கார் விபத்தில் இறந்தாள். பத்து மாதத்தில் மனைவியும் புற்றுநோயில் போனார். இனி என்னை ஓய்வுபெற்றவனாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று குழுவிடம் சொல்லிவிட்டு, 1998 ஆகஸ்டில் மோட்டார் சைக்கிளை எடுத்தார். அலாஸ்கா வரை மேலே, மெக்சிகோவும் பெலிஸும் வரை கீழே, 14 மாதங்களில் சுமார் 88,000 கிலோமீட்டர். இசையைப் பற்றிக் குறைவாகவே எழுதியிருக்கிறார். எங்கே பெட்ரோல் போட்டேன், எந்த ஓட்டலில் தங்கினேன், என்ன பறவை பார்த்தேன், நண்பனுக்கு என்ன கடிதம் எழுதினேன் என்றே போகும். முதலில் எனக்கு அலுப்பாக இருந்தது. அப்புறம் கடைக்கு வருகிறவர்களை நினைத்துப் பார்த்தேன். ரிசல்ட் வர நாலு நாள் ஆகும் என்றால் அந்த நாலு நாளும் அவர்கள் கணக்கு எழுதுவார்கள். அரிசி எவ்வளவு, ஆட்டோவுக்கு எவ்வளவு, இன்று யார் போன் செய்தார்கள். பெரிய துக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சின்னச் சின்ன விவரங்கள்தான் பிடிமானம் என்பதை தினமும் பார்க்கிறவன் நான். பியர்ட் அந்தப் பிடிமானத்தை ஒளிக்காமல் அப்படியே எழுதியிருக்கிறார். மெதுவாக அவர் திரும்பி வந்தார், மறுபடி மணம் செய்துகொண்டார், 2002-இல் குழுவோடு அடுத்த ஆல்பமும் வந்தது. 2020 ஜனவரியில் மூளைப் புற்றுநோயில் இறந்தார். புத்தகத்தை பையன் சொன்னபடி லாட்ஜில் தங்கியிருந்த ஒரு அசாம்காரருக்குக் கொடுத்துவிட்டேன்.

இனி எனக்குக் கோபம் வரும் பகுதிக்கு வருகிறேன். மாட்லி க்ரூ குழுவின் ‘தி டர்ட்’ 2001-இல் வந்தது. இந்த வகைப் புத்தகங்களிலேயே மிகவும் பேர் போனது. நான்கு பேரும் மாறி மாறிப் பேசுவார்கள், ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறுப்பார். வடிவமாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனமான வேலை, மறுக்கவில்லை. ஆனால் 1984 டிசம்பரில் அதன் பாடகர் வின்ஸ் நீல் குடித்துவிட்டு ஓட்டிய காரில், கூட வந்த வேறொரு குழுவின் டிரம்மர் ராஸில் இறந்துபோனார். எதிர் வண்டியில் இருந்த இருவர் பலத்த காயமடைந்தார்கள். வின்ஸ் நீலுக்குக் கிடைத்தது 30 நாள் தண்டனை, அதையும் முழுதாக அனுபவிக்கவில்லை. மிச்சத்தை 26 லட்சம் டாலர் நஷ்டஈடு பார்த்துக்கொண்டது. புத்தகத்தில் அந்தச் சாவு வருகிறது, வருத்தமும் வருகிறது. அப்புறம் வண்டி பழைய வேகத்தில் அடுத்த கூத்துக்குப் போய்விடுகிறது. அதே வின்ஸ் நீல், 1995-இல் நான்கு வயது மகளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்ததைச் சொல்லும் இடம் நெஞ்சை அறுக்கும். தன் குழந்தைக்காக அப்படி அழத் தெரிந்தவருக்கு, ராஸிலைப் பெற்றவர்களைப் பற்றி இன்னும் நாலு பக்கம் எழுதத் தோன்றியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இதற்கு நேர் எதிரில் ராண்டி பிளைத் எழுதிய ‘டார்க் டேஸ்’ புத்தகத்தை வைக்கிறேன். 2015-இல் வந்தது. லேம்ப் ஆஃப் காட் குழுவின் பாடகர். 2010 மே மாதம் செக் நாட்டின் பிராகா நகரில் ஒரு நிகழ்ச்சி, சின்ன இடம், ரசிகர்கள் மேடை மேல் ஏறிக்கொண்டே இருக்கிறார்கள். மேடையிலிருந்து விழுந்த 19 வயது ரசிகர் ஒருவர் தலையில் அடிபட்டுச் சில வாரங்கள் கழித்து இறந்தார். குழுவுக்கு அது தெரியவே தெரியாது. 2012 ஜூனில் மறுபடி அந்த நகரத்தில் இறங்கியதும் விமான நிலையத்திலேயே பிளைத்தைப் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். நூறாண்டு பழைய சிறை, ஒரு மாதத்துக்கு மேல். பிறகு ஜாமீனில் அமெரிக்கா வந்துவிட்டார். அவர் திரும்பிப் போகாமலே இருந்திருக்கலாம், அமெரிக்க அரசாங்கம் அவரைப் பிடித்து அனுப்பப் போவதில்லை. ஆனால் போனார். பிள்ளையை இழந்த குடும்பத்துக்கு என்ன நடந்தது என்று தெரிய வேண்டும், நான் ஓடி ஒளிந்தால் அது தெரியாமலே போய்விடும் என்பது அவர் சொல்லும் காரணம். 2013 மார்ச்சில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி இல்லை என்று விடுவித்தது. தார்மீகப் பொறுப்பு உண்டு, குற்றப் பொறுப்பு இல்லை என்றது. அந்தத் தார்மீகப் பொறுப்பை அவர் தட்டிக்கழிக்கவில்லை. சிறையில் யார் கூட இருந்தார்கள், என்ன சாப்பாடு, எதை எழுதினார், குடியை விட்டுவிட்டதால் எப்படித் தாக்குப்பிடித்தார் என்று நீளமாக, சில இடங்களில் தேவைக்கு மேலும் நீளமாகச் சொல்கிறார். நீளத்தை நான் பொறுத்துக்கொள்கிறேன். இந்த வரிசையில் ஒரே ஒரு புத்தகத்தைத்தான் படிப்பேன் என்று ஒருவர் அடம்பிடித்தால் இதைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. கன்ஸ் அண்ட் ரோசஸ் குழுவின் டஃப் மெக்கேகன் 1994-இல் குடியால் கணையம் வெடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். சக்கர நாற்காலியில் இருந்த பார்கின்சன் நோயாளியான அம்மா, எட்டுப் பிள்ளைகளில் கடைசிப் பிள்ளையைப் பார்க்க வருகிறார். யார் யாரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய வயதில் என்ன நடக்கிறது என்று அந்த இடத்தில் அவருக்கு உறைக்கிறது. குடியை விட்டார். வீட்டில் குவிந்திருந்த குழுவின் கணக்குத் தாள்களை எடுத்துப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. உலகம் சுற்றிய கலைஞர், சியாட்டில் பல்கலைக்கழகத்தில் வணிகம் படிக்கச் சேர்ந்துவிட்டார். புத்தகத்தையும் அவரே எழுதினார். சம்பளச் சீட்டில் என்ன பிடித்தார்கள் என்று தெரியாமல் வருடக்கணக்கில் கையெழுத்துப் போட்ட தோல் ஷாப் ஆட்கள் எனக்குத் தெரிந்து நிறையப் பேர். அவர்களுக்கு இந்தப் பக்கங்களை வாய்வழியாகச் சொல்லியிருக்கிறேன், ஆர்வமாகக் கேட்டார்கள்.

பெண்கள் எழுதியவை இந்த வரிசையில் குறைவு. கிட்டார் கலைஞர் லிட்டா ஃபோர்டு 2016-இல் எழுதியதைப் படித்திருக்கிறேன். பதின்ம வயதுப் பெண் கிட்டாரோடு மேடையேறினால் முதலில் எதைப் பார்த்தார்கள் என்று சொல்கிறார். இன்னும் பலர் எழுத வேண்டிய இடம் அது.

யார் சொல்வதை நம்புவது என்ற கேள்வி எப்போதும் உண்டு. மெட்டாலிகாவின் பாஸ் கிட்டார் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் 1986 செப்டம்பர் 27 அதிகாலையில் சுவீடனில் பேருந்து கவிழ்ந்து இறந்தார். அன்று இரவு யார் எந்தப் படுக்கை என்று சீட்டு எடுத்தார்கள், அவருக்கு வந்தது இஸ்பேட் ஆஸ், அதனால் நல்ல படுக்கை கிடைத்தது. அந்த ஜன்னல் வழியாகத்தான் வெளியே விழுந்தார். சாலையில் பனிக்கட்டி என்றார் ஓட்டுநர். ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு உள்ளாடையோடு அந்தக் குளிரில் சாலையில் நடந்து பனிக்கட்டியைத் தேடினார், கிடைக்கவில்லை. எத்தனை புத்தகத்தில் படித்தாலும் அந்த மனிதர் நடந்ததை மட்டும் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை. அதே குழுவிலிருந்து 1983 ஏப்ரலில் வெளியேற்றப்பட்ட டேவ் மஸ்டேன், நியூயார்க்கிலிருந்து கலிஃபோர்னியா வரை நாள்கணக்கில் பேருந்தில் வந்த கதையைத் தன் புத்தகத்தில் சொல்கிறார். பேருந்தில் கிடைத்த ஒரு துண்டுத்தாளில் இருந்த சொல்லே பின்னால் மெகாடெத் என்ற குழுவின் பெயரானது. தன் குடியை அவர் மறைக்கவில்லை. ஆனாலும் எச்சரிக்கை இல்லாமல் அனுப்பினார்கள் என்ற ஆதங்கம் பக்கத்துக்குப் பக்கம் கசிகிறது. வெளியேற்றியவர்கள் பக்கம் கேட்டால் வேறு கதை. இரண்டையும் படிக்க வேண்டும்.

ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் மட்டும் நீட்டி மெட்டல் ரசிகர்கள் காட்டும் கொம்பு முத்திரைக்கும் இதே கதி. இத்தாலியப் பாட்டி கண்ணேறு படாமல் இருக்கக் காட்டியது என்று ஓஸிக்குப் பிறகு பிளாக் சப்பாத்தில் பாடிய ரோனி ஜேம்ஸ் டியோ சொன்னார். தான் முன்பே காட்டியதாக கீசர் பட்லர் சொல்கிறார். கிஸ் குழுவின் ஜீன் சிம்மன்ஸ் 2017-இல் அதைத் தன் வணிகமுத்திரையாகப் பதிவு செய்யவே விண்ணப்பித்து, பிறகு கைவிட்டார். வாரம் தவறாமல் மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டு எங்களுக்குத் திருஷ்டி கழித்த பாட்டியிடம் வளர்ந்தவன் என்ற முறையில் என் ஓட்டு டியோவின் பாட்டிக்கு.

அயர்ன் மெய்டன் 2007 மார்ச் 17 அன்று பெங்களூர் பேலஸ் மைதானத்தில் வாசித்தபோது காட்பாடியில் ரயிலேறிப் போன கூட்டத்தில் நானும் இருந்தேன். அதன் பாடகர் புரூஸ் டிக்கின்சன் 2017-இல் எழுதிய புத்தகத்தை அதனாலேயே பேராவலோடு எடுத்தேன். பயணிகள் விமான பைலட், வாள்வீச்சு வீரர், போரில் முற்றுகையில் இருந்த போஸ்னியத் தலைநகர் சரயேவோவுக்கு 1994 டிசம்பரில் லாரியில் போய்ப் பாடியவர். கல்யாணம், பிள்ளைகள், விவாகரத்து எதையும் எழுதவில்லை, வேண்டுமென்றே விட்டுவிட்டேன் என்று அவரே சொல்லிவிடுகிறார். சிலருக்கு அது குறை. எனக்கு அந்த மரியாதை பிடித்திருந்தது. 1982 ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில், அடங்கிய குரலில் வரும் முதல் சில வரிகளை மட்டும் தயாரிப்பாளர் மார்ட்டின் பர்ச் மணிக்கணக்கில் திரும்பத் திரும்பப் பாட வைத்தார். ஆத்திரத்தில் டிக்கின்சன் நாற்காலிகளைத் தூக்கி எறிந்தார். அதற்குப் பிறகுதான் அந்தப் பாட்டின் பெரிய அலறல் சரியாக வந்தது. பின்னால் நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய் வந்து, கதிர்வீச்சும் கீமோவும் முடித்து, எச்சில் வற்றிய வாயோடு மறுபடி பாடக் கற்ற பகுதியை நான் மிக மெதுவாகப் படித்தேன்.

அந்தப் புத்தகத்தால்தான் செய்யாறு பக்கம் போக ஆரம்பித்தேன். பழைய வட ஆர்க்காடு மாவட்டம் தெருக்கூத்துக்குப் பேர் போனது. புரிசை கண்ணப்பத் தம்பிரான் பெயரைக் கூத்து தெரியாதவர்களும் கேட்டிருப்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும் வரை, மரக்கட்டையில் செய்த கிரீடமும் புஜகீர்த்தியுமாகக் கட்டை வேஷம் கட்டிக்கொண்டு, பழைய நாளில் மைக் கூட இல்லாமல் களரியில் அலறிப் பாடுகிறவர்கள். ஒரு பெரியவரைச் சிபாரிசு பிடித்துப் பார்த்தேன். துரியோதனன் வேஷத்துக்கு அந்த வட்டாரத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது ஆடுவதில்லை. போனில் பதிவு செய்யட்டுமா ஐயா என்று கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, டிக்கின்சனிடம் கேட்க நினைத்ததையெல்லாம் இவரிடம் கேட்டேன். குரல் விடியும் வரை எப்படி நிற்கும்?

“தொண்டையில பாடுறவன் மூணாம் நாளு படுத்துக்குவான். அடிவயித்துல இருந்து எடுக்கணும். மொத ரெண்டு மணி நேரம் முழுசா விடக் கூடாது, வாத்தியார் அடிப்பாரு. விருத்தத்துக்கு நின்னு மூச்சு வாங்கணும். பின்பாட்டுக்காரன் எடுத்துக்குற எடத்துல நான் வாய மட்டும் அசைப்பேன், எதுக்க உக்காந்திருக்கிற சனத்துக்குத் தெரியாது.”

சாப்பாடு பற்றிச் சொன்னார். முகத்தில் பூசும் வண்ணத்தை எண்ணெயால் துடைக்கும்போது கண் எரிவதைச் சொன்னார். கட்டை கட்டும் கயிறு தோளில் அறுத்த தழும்பைச் சட்டையை விலக்கிக் காட்டினார். தாம்பூலத்தோடு வாங்கும் முன்பணம் எப்படிப் பங்காகும், எந்த வேஷத்துக்கு எவ்வளவு, ஊர்க்காரர்கள் மீதியைத் தராமல் இழுத்தடித்தால் என்ன செய்வார்கள் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். முதலில் ஆடிய ஜமாவை, அதாவது கூத்துக் குழுவை, விட்டு ஏன் வந்தீர்கள் என்று கேட்டதும் குரல் மாறியது. கூட ஆடியவர் பங்கில் ஏமாற்றிவிட்டார் என்றார். நாற்பது வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லையாம்.

அந்தக் கூட ஆடியவரும் உயிரோடுதான் இருக்கிறார், இரண்டு ஊர் தள்ளி. அவர் பக்கத்துக் கதையையும் பதிவு செய்ய வேண்டும். பங்குனியில் பாரதக் கூத்து ஆரம்பித்தால் ஆடி வரை அவரை வீட்டில் பிடிக்க முடியாது, இன்னும் ஜமா நடத்துகிறார். அதனால் தை முடிவதற்குள் போய்வரலாம் என்று இருக்கிறேன்.